அரிய தோல் புண்ணுக்குப் புதிய ஊசி மருந்துச் சோதனை: கொங்குப் பக்கத்துக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவையில் ஒரு மருத்துவமனையின் தோல் பிரிவில் மருந்து ஆய்வு ஒருங்கிணைப்பாளராக வேலை பார்க்கிறேன். நோயாளியோடும் அவர் வீட்டாரோடும் உட்கார்ந்து, மருந்துச் சோதனை என்றால் என்ன, அதில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று விளக்குவதுதான் என் வேலையில் பெரும்பங்கு. பயோடெர்மா கேங்க்ரினோசம் என்ற புண்நோயோடு வருகிறவர்கள் எண்ணிக்கையில் கொஞ்சம்தான். ஆனால் அவர்கள் கேட்கும் கேள்விகள் நிறைய, அத்தனையும் நியாயமானவை. அவற்றை அவர்கள் பேச்சிலேயே இங்கே வைத்திருக்கிறேன்.

எந்தச் சோதனைக்கும் ஆள் சேர்ப்பதற்காக இதை எழுதவில்லை. கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியதையெல்லாம் நீங்கள் கேட்டுவிட வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன். உங்கள் புண்ணுக்கு என்ன செய்வது என்பதை உங்கள் புண்ணைப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல முடியும்.

ஏனுங்க, இது சர்க்கரைப் புண்ணுங்களா?

இல்லை. சர்க்கரை இருப்பவருக்கும் இது வரலாம், ஆனால் சர்க்கரையால் வருவதில்லை. முதலில் ஒரு சின்னக் கொப்புளம் அல்லது சிவந்த கட்டி மாதிரி வரும். "பூச்சி கடிச்சிருச்சு" என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். சில நாட்களில் அது உடைந்து புண்ணாகி, விறுவிறுவெனப் பரவும். புண்ணின் ஓரம் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும், உள்பக்கம் குடைந்துகொண்டு போகும். வலி சாதாரண வலி அல்ல, போர்வை பட்டாலே துடித்துப்போவார்கள். முழங்காலுக்குக் கீழேதான் அதிகம் வரும்.

கிருமி தாக்கியதால் வருகிற நோய் இல்லை இது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் கிருமியே இல்லாத இடத்தில் கூட்டமாக வந்து குவிந்து தோலைச் சிதைக்கின்றன. பிரான்சில் லூயி ப்ரோக் என்ற தோல் மருத்துவர் 1908இல் இப்படிப்பட்ட புண்களை விவரித்தார். 1930இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதி இன்றைய பெயரை வைத்தார்கள். அவர்கள் அப்போது கிருமிதான் காரணம் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை பிறகு தவறென்று தெரிந்தும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

பத்து லட்சம் பேரில் வருடத்துக்கு மூன்று முதல் பத்துப் பேருக்குப் புதிதாக வரும் என்பது பொதுவான கணக்கு. அதனால் உங்கள் ஊர் மருத்துவர் தன் வாழ்நாளில் ஒன்றுகூடப் பார்க்காமல் இருந்திருக்கலாம். அவரைக் குறை சொல்ல வேண்டாம்.

ஒட்டுவாரொட்டிங்களா? பேத்தியைத் தூக்கலாமுங்களா?

ஒட்டாது. தாராளமாகத் தூக்குங்கள். தனித் தட்டு, தனி அறை எதுவும் தேவையில்லை.

கெட்ட சதையை வெட்டி எடுத்துப்போட்டாத் தேவலைங்களா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள்.

வெட்டினால் பல நேரம் புண் பெரிதாகிவிடும். இந்த நோயில் தோலுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு: அடிபட்ட இடத்திலும் அறுத்த இடத்திலும் புதுப் புண் கிளம்பும். பெதர்ஜி என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். கால் புண் அழுகுகிறது என்று நினைத்துச் சுரண்டிச் சுத்தம் செய்வார்கள். ஒரு வாரத்தில் புண் இரண்டு பங்காகும். சதை இன்னும் அழுகுகிறது என்று மறுபடி வெட்டுவார்கள். அப்புறம் காலையே எடுக்க வேண்டும் என்ற பேச்சு வரும். வெட்ட வெட்ட வளர்கிற புண்ணைப் பார்த்தால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, இது அந்த நோயாக இருக்குமோ என்று யோசிக்க வேண்டும். வீட்டார் நீங்களே கூட, "ஏனுங்க டாக்டர், ஒரு தடவை தோல் டாக்டரைக் கேட்டுப் பார்க்கலாமுங்களா?" என்று பணிவாகக் கேட்கலாம். அந்த ஒரு கேள்வியால் கால் தப்பக்கூடும்.

சர்க்கரைப் புண்ணில் அழுகிய சதையை எடுப்பது சரியான வைத்தியம்தான், அங்கே தயங்கக் கூடாது. இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர் என்பதால்தான் எந்தப் புண் என்று முதலில் தெரிய வேண்டியிருக்கிறது.

வெட்டக் கூடாதுங்கறீங்க, ஆனா பயாப்ஸிக்குச் சதை எடுக்கறாங்களே?

நல்ல கேள்வி. பயாப்ஸிக்கு எடுப்பது புண்ணின் ஓரத்தில் ஒரு சிறு துண்டு. அதிலும் கொஞ்சம் ஆபத்து உண்டுதான். ஆனால் எடுக்காமல் விட்டால் வேறு நோயை இதுவென்று நினைத்து மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுத்துவிடும் ஆபத்து அதைவிடப் பெரிது. தோல் காசநோய், ஆழமாகப் போகும் பூஞ்சைத் தொற்று, ரத்தக்குழாய் அழற்சி, தோல் புற்றுநோய் எல்லாம் இதே வேஷத்தில் வரும். விசைத்தறியில் வருடக்கணக்காக நின்று வேலை செய்தவர்களுக்கு வரும் நரம்புச் சுருட்டல் புண்ணும் காலில்தான் வரும்.

இந்த நோயை ஒரே டெஸ்டில் உறுதி செய்ய முடியாது. 2018இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து ஓர் அளவுகோல் வகுத்தார்கள். புண் ஓரத்துப் பயாப்ஸியில் நியூட்ரோஃபில் குவிந்திருக்க வேண்டும். அதோடு எட்டு அடையாளங்களில் குறைந்தது நான்கு பொருந்த வேண்டும். கிருமித் தொற்று இல்லை என்று தெரிவது, அடிபட்ட இடத்தில் புண் வருவது, குடல் அழற்சியோ மூட்டு அழற்சியோ இருப்பது, ஆறிய இடத்தில் சல்லடை போன்ற தழும்பு விழுவது ஆகியவை அந்த எட்டில் சில. "புண்ணுக்கு வந்தா வயித்தைப் பத்திக் கேக்கறாங்க" என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். ரத்தம் கலந்து வயிற்றாலை போகிறதா, மூட்டு வீங்குகிறதா என்று கேட்பது இதனால்தான். ரத்தப் புற்றுநோயோடும் இதற்குத் தொடர்பு உண்டு, ஆகவே ரத்தமும் பார்ப்பார்கள்.

மஞ்சள் அரைச்சுப் போட்டோமுங்க. தப்புங்களா?

ஈரோட்டு மஞ்சள் விளைகிற மண்ணில் பிறந்துவிட்டு யாரையும் இதற்காகத் திட்ட மாட்டேன். சாதாரணக் கீறலுக்கு அப்புச்சி காலத்திலிருந்து போட்டு வருகிறோம். ஆனால் இந்தப் புண்ணில் மஞ்சள், வெட்டுக்காயப் பூண்டுச் சாறு, சுண்ணாம்பு, சூடு வைப்பது எதுவும் வேண்டாம். எரிச்சலே புண்ணைக் கிளப்பிவிடும். போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். என்ன போட்டீர்கள், எத்தனை நாள் என்று தெரிந்தால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.

இப்ப இருக்கிற மருந்து போதாதுங்களா? எதுக்குப் புதுசு?

முதலில் கொடுப்பது பெரும்பாலும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, இல்லையென்றால் சைக்ளோஸ்போரின். இரண்டில் எது மேல் என்று பிரிட்டனில் 121 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2015இல் முடிவு வந்தது: இரண்டும் சமம். ஆறு மாதத்தில் புண் முழுதாக ஆறியவர்கள் இரு பக்கமும் 47 சதவீதம். அதாவது பாதிப் பேருக்கு மேல் ஆறு மாதம் கழித்தும் கட்டோடு நடக்கிறார்கள். ஆறியவர்களிலும் சிலருக்குத் திரும்ப வந்தது. ஸ்டீராய்டு ஒரு பக்கம் சர்க்கரையை ஏற்றும், எலும்பைக் கரைக்கும். சைக்ளோஸ்போரின் இன்னொரு பக்கம் சிறுநீரகத்தையும் ரத்த அழுத்தத்தையும் பதம் பார்க்கும். ஏற்கெனவே சர்க்கரை உள்ள அறுபது வயதுக்காரருக்கு இரண்டில் எதைக் கொடுப்பது என்று மருத்துவர் திணறுவதை நேரில் பார்த்தால், புதிய மருந்து ஏன் வேண்டும் என்று புரியும்.

உயிரியல் மருந்துன்னா மூலிகை மருந்துங்களா?

இல்லை. இங்கே சொல்லும் புதிய ஊசி மருந்து இந்த வகைதான்: உயிருள்ள செல்களைத் தொட்டிகளில் வளர்த்து, அவற்றிடமிருந்து எடுக்கும் புரத மருந்து. பயலாஜிக் என்று மருத்துவமனையில் சொல்வார்கள். அழற்சியைத் தூண்டும் ஒரு குறிப்பிட்ட பொருளை மட்டும் தேடிப் பிடித்து அடைக்கும்படி செய்யப்பட்டது. புரதம் என்பதால் வாய்வழி கொடுத்தால் வயிறே செரித்துவிடும். ஆகவே ஊசிதான், தோலுக்கு அடியிலோ டிரிப்ஸாகவோ.

அதுல குணமான ஆள் யாராச்சும் இருக்காங்களா?

இருக்கிறார்கள். 2006இல் இன்ஃப்ளிக்சிமாப் என்ற மருந்தை 30 பேரிடம் சோதித்தார்கள். இரண்டு வாரத்தில் மருந்து பெற்ற 13 பேரில் ஆறு பேருக்குப் புண் தேறியது. வெறும் டிரிப்ஸ் பெற்ற 17 பேரில் ஒருவருக்குத்தான் தேறியது. 30 பேர்தானா என்று தோன்றும். இந்த நோயில் முப்பது பேரைச் சேர்ப்பதே பெரும்பாடு.

ஜப்பானில் அடாலிமுமாப் மருந்தை 22 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 26 வாரத்தில் 12 பேருக்குக் குறித்து வைத்த புண் முழுதாக மூடியது. அதை வைத்து 2020இல் அந்த நாட்டு அரசு இந்த நோய்க்கு அதை அனுமதித்தது. அடாலிமுமாப் நமக்குப் புதிதல்ல. அதைப் போலவே வேறு நிறுவனம் தயாரிக்கும் நிகர் மருந்தை உலகிலேயே முதலில் 2014இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஓர் இந்திய நிறுவனம்தான். மூட்டுவாதத்துக்கும் குடல் நோய்க்கும் கோவையிலேயே பலர் போட்டுக்கொள்கிறார்கள். ஒரு நோய்க்கு அனுமதி பெற்ற மருந்து இன்னொரு நோய்க்கும் வேலை செய்யுமா என்பதைத் தனியாகச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

எங்களை வெச்சு எலி மாதிரி சோதனை பண்றீங்களா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை. கேட்காமல் தலையாட்டுபவர்களைப் பற்றித்தான் கவலைப்படுவேன்.

மனிதர்களிடம் வருமுன் ஆய்வகத்திலும் விலங்குகளிலும் மருந்தைப் பார்த்திருப்பார்கள். பிறகு முதல் கட்டத்தில் சிலரிடம் பாதுகாப்பைப் பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் அளவையும் பலனையும், மூன்றாம் கட்டத்தில் வேறொன்றோடு ஒப்பிட்டு உறுதியையும் பார்ப்பார்கள். உங்களிடம் வந்திருப்பது எந்தக் கட்டம் என்று கட்டாயம் கேளுங்கள். இந்தியாவில் புதிய மருந்துச் சோதனைக்கு இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியின் அனுமதி வேண்டும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். அந்தக் குழுவில் மருத்துவர்கள் மட்டுமில்லாமல் சட்டம் தெரிந்தவரும் பொதுமக்களில் ஒருவரும் இருப்பார்கள். 2009ஆம் ஆண்டு முதல் சோதனையை இந்தியப் பதிவேட்டில் பதிவு செய்வதும் கட்டாயம். சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கும் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, வீட்டில் படித்த பிள்ளைகளை விட்டு இணையத்தில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். எண் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பாதிப் பேருக்கு வெறும் தண்ணி ஊசிங்களாமே? இது அநியாயமில்லீங்களா?

முதலில், தண்ணீர் ஊசி மட்டும் போட்டுவிட்டு வலியில் விட மாட்டார்கள். இந்த நோயில் பொதுவாக இரு குழுவுக்கும் ஸ்டீராய்டு போன்ற அடிப்படை மருந்து உண்டு. அதற்கு மேல் ஒரு குழுவுக்குப் புது மருந்து, மற்றக் குழுவுக்கு மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் கணினி முடிவு செய்யும். உங்களுக்கும் தெரியாது, ஊசி போடுபவருக்கும் தெரியாது.

ஏன் இப்படி? ஒரு வயலுக்கு முழுக்கப் புது உரம் போட்டு விளைச்சல் கூடினால், அது உரத்தாலா அந்த வருடத்து மழையாலா என்று எந்த விவசாயியும் சொல்ல முடியாது. வரப்புக்கு இந்தப் பக்கம் புது உரம், அந்தப் பக்கம் பழைய உரம், தண்ணீர் ஒரே கிணற்றில் என்றால்தான் தெரியும்.

உண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். விலோபெலிமாப் என்று ஒரு மருந்து. நியூட்ரோஃபில்களைக் கூவி அழைக்கும் சி5ஏ என்ற பொருளைத் தடுப்பது. இந்த நோயின் வேரிலேயே கை வைக்கிறது என்று பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. முதலில் ஒப்பீட்டுக் குழு இல்லாமல் 19 பேரிடம் பார்த்தார்கள். அதிக அளவு மருந்து பெற்ற ஏழு பேரில் ஆறு பேருக்குப் புண் ஆறியது. ஏழுக்கு ஆறு! கேட்டவர்கள் எல்லோரும் இதோ மருந்து வந்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள். பிறகு மூன்றாம் கட்டத்தில், இரு குழுவுக்கும் ஸ்டீராய்டு கொடுத்து, ஒரு குழுவுக்கு மட்டும் இந்த மருந்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். முதல் 30 பேரின் விவரத்தை வெளியாட்களான கண்காணிப்புக் குழு இடையில் பிரித்துப் பார்த்தது. இப்படியே தொடர்ந்தாலும் மருந்தின் பலனை நிரூபிக்க முடியாது என்று சொன்னது. 2025 மே மாதம் சோதனையை நிறுத்தினார்கள்.

அந்த ஒப்பீட்டுக் குழு இல்லாமல் இருந்திருந்தால், வேலை செய்வதாக நிரூபிக்கப்படாத விலையுயர்ந்த மருந்தை நம் ஊர்க் குடும்பங்கள் தோட்டத்தை அடமானம் வைத்து வாங்கியிருக்கும். அந்தச் சோதனையில் மருந்தில்லாத ஊசி போட்டுக்கொண்டவர்கள் நம் எல்லோருக்கும் பெரிய உபகாரம் செய்திருக்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் நன்றி உண்டு. ஆனால் அந்த உபகாரத்தை உங்களிடம் யாரும் கட்டாயப்படுத்திக் கேட்கக் கூடாது. எனக்கு எந்த ஊசி விழும் என்ற நிச்சயமில்லாமல் இருக்க முடியாது என்று உங்களுக்குத் தோன்றினால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வழக்கமான வைத்தியம் தொடரும்.

கால் புண்ணுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எதுக்குங்க?

காசநோய்க்காக. உலகத்துக் காசநோயாளிகளில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். நம்மில் பலருக்கு அந்தக் கிருமி உடம்புக்குள் உறங்கிக்கொண்டிருக்கும். இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் போன்ற மருந்துகள் அதை எழுப்பிவிடலாம். எக்ஸ்ரேயும் ரத்தம் அல்லது தோல் டெஸ்டும் எடுத்து, உறங்கும் கிருமி இருந்தால் முதலில் அதற்கு மாத்திரை கொடுத்த பிறகுதான் ஊசி. வீட்டில் யாருக்காவது எப்போதாவது டிபி இருந்ததா என்று கேட்டால் கௌரவம் பார்க்காதீர்கள். மஞ்சள் காமாலை பி வைரஸும் பார்ப்பார்கள்.

செருப்பில்லாமல் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று. மண்ணிலிருந்து பாதத் தோல் வழியாக ஏறும் ஒரு புழு, ஸ்டிராங்கிலாய்டஸ் என்று பெயர், வருடக்கணக்கில் சத்தமில்லாமல் குடலில் இருக்கும். ஸ்டீராய்டு கொடுத்தால் அது உடம்பெங்கும் பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம். தோட்ட வேலை என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

ஊசி போட்டா என்ன பண்ணும்?

ஊசி போட்ட இடத்தில் சிவப்பு, அரிப்பு வரலாம். டிரிப்ஸ் ஏறும்போது சிலருக்குக் குளிர், படபடப்பு, மூச்சிரைப்பு வரும், அதனால்தான் பக்கத்திலேயே உட்கார்ந்து கவனிப்பார்கள். முக்கியமான பயம் தொற்று. காய்ச்சல், விடாத இருமல், சிறுநீர் எரிச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றில் எது வந்தாலும் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு அடுத்த தேதிக்குக் காத்திருக்காதீர்கள். கொடுத்திருக்கும் எண்ணுக்கு ராத்திரியானாலும் கூப்பிடுங்கள். அந்த எண் அதற்குத்தான். நாயோ பாம்போ கடித்து எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினாலும், இந்த மருந்து போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அங்கே சொல்ல வேண்டும். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளை இந்தக் காலத்தில் தவிர்ப்பார்கள்.

குழந்தை பெறும் வயதுப் பெண்களிடம் கர்ப்ப டெஸ்டும் கருத்தடையும் பற்றிக் கேட்பார்கள். கூட்டத்தில் பதில் சொல்லக் கூச்சமாக இருந்தால் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை.

பையன் கையெழுத்துப் போட்டாப் போதுமுங்களா? நமக்குப் படிக்கத் தெரியாதுங்க.

போதாது. சுயநினைவோடு இருக்கும் வயது வந்தவருக்காக மகனோ கணவனோ மாமனோ கையெழுத்துப் போட முடியாது. உடம்பு உங்களுடையது, முடிவும் உங்களுடையது. வீட்டில் பெரியவர்களைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றால் நல்லது, தாளை வீட்டுக்கு எடுத்துப் போங்கள், பங்காளிகளோடு உட்கார்ந்து பேசுங்கள். ஆனால் "அம்மிணிக்கு ஒண்ணும் தெரியாதுங்க, நான் சொல்றதுதான்" என்று யாராவது சொன்னால், நான் அந்த அம்மாவிடம்தான் திரும்பிப் பேசுவேன்.

தாள் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு, சோதனையில் சம்பந்தமில்லாத ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டும். நீங்கள் கைநாட்டு வைத்தபின் சாட்சியும் கையெழுத்துப் போடுவார். ஒரு பிரதியை உங்கள் கையில் கொடுக்க வேண்டும். சில சோதனைகளில் இதை வீடியோவும் எடுப்பார்கள். தாள் நீளமாக இருக்கும், ஒரே மூச்சில் எல்லாம் புரியாது. மறுநாள் வந்து மறுபடி கேட்டாலும் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

செலவு யாருதுங்க? ஏதாச்சும் ஆயிட்டா?

சோதனை மருந்துக்கும் சோதனைக்காகவே எடுக்கும் டெஸ்டுகளுக்கும் நீங்கள் பணம் கட்டத் தேவையில்லை. பஸ் செலவு, ஒரு நாள் ஷிப்ட் போனதற்கு ஏதாவது உண்டா என்பதெல்லாம் ஒப்புதல் தாளில் எழுதியிருக்க வேண்டும். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்.

2019இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருந்துச் சோதனைகள் விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. சோதனையில் உடம்புக்குக் கேடு வந்தால், தேவைப்படும் வரை, அல்லது அது சோதனையால் வந்ததல்ல என்று உறுதியாகும் வரை, இலவச வைத்தியம் கொடுக்க வேண்டும். அந்தக் கேடு சோதனையால் வந்தது என்று முடிவானால் அதற்குமேல் இழப்பீடும் தர வேண்டும். இறப்பு நேர்ந்தால் இழப்பீடு நீங்கள் குறித்துக் கொடுத்த வாரிசுக்குப் போகும். வழக்கமான வைத்தியம் இருந்தும் அதைக் கொடுக்காமல் மருந்தில்லாத ஊசி மட்டும் போட்டதால் கேடு வந்தால், அதற்கும் இழப்பீடு உண்டு. இதைப் பலர் கேட்பதே இல்லை.

ஊசியை ஊட்டுல வெச்சுப் போட்டுக்கச் சொன்னா? எங்க ஊர்ல கரண்ட் போய்ப் போய் வருமுங்க.

இந்த ஊசிகள் இரண்டு முதல் எட்டு டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள், ஐஸ் கட்டும் பெட்டியில் வேண்டவே வேண்டாம், உறைந்தால் மருந்து வீண். கரண்ட் நீண்ட நேரம் போனால் மருந்தைத் தூக்கிப்போடாமலும் போட்டுக்கொள்ளாமலும் முதலில் எங்களைக் கேளுங்கள். ஃபிரிட்ஜ் இல்லை என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். மருத்துவமனைக்கே வந்து போட்டுக்கொள்ள ஏற்பாடு செய்ய முடியுமா என்று பார்க்கலாம். பொள்ளாச்சியிலிருந்தோ தாளவாடி மலையிலிருந்தோ வருகிறவர்களுக்கு அதுவே ஒரு நாள் வேலை என்பதும் தெரியும். சேரும் முன்பே எத்தனை முறை வர வேண்டும் என்று கேட்டு, அறுவடையையும் கல்யாணங்களையும் கணக்கில் வைத்து முடிவெடுங்கள்.

பன்னாரியம்மனுக்குக் குண்டம் இறங்கறதா நேர்ந்திருக்கேனுங்க.

பங்குனி மாதம் நெருங்கினால் இந்தக் கேள்வி வந்துவிடும். நேர்த்தியை நான் லேசாகப் பேச மாட்டேன். ஆனால் இந்த நோய் இருக்கும்வரை பூமிதி, அலகு குத்துவது, பச்சை குத்துவது எதுவும் வேண்டாம். மற்றவருக்கு ஒரு வாரத்தில் ஆறும் சின்னச் சூடு உங்களுக்கு அடுத்த புண்ணாகலாம். மேலும் மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைத்திருக்கும். கோயில் பெரியவர்களிடமோ பூசாரியிடமோ உங்கள் நிலைமையைச் சொல்லுங்கள். உப்பும் மிளகும் போட்டு வேண்டிக்கொள்வது மாரியம்மன் கோயில்களில் உள்ளதுதான், நேர்த்தியை வேறு விதமாகச் செலுத்த வழி சொல்வார்கள்.

நடுவுல வேண்டாம்னு தோணுனா?

எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, வழக்கமான வைத்தியம் நிற்காது. ஒரே ஒரு வேண்டுகோள்: சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

உங்களை எடுத்துக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்களே, நோய் முத்திருச்சுங்களா?

அப்படி அர்த்தமில்லை. சோதனையில் யாரைச் சேர்ப்பது என்பதற்குக் கடுமையான வரையறை உண்டு: புண்ணின் அளவு, சமீபத்தில் சாப்பிட்ட மருந்து, சிறுநீரக நிலை இப்படி. பொருந்தாமல் போவது சாதாரணம். உங்களைப் பாதுகாக்கவே வைத்த விதிகள் அதில் பாதி.

சோதனை முடிஞ்சு, எனக்கு நல்லா கேட்டுச்சுன்னா, அப்புறம் மருந்து கிடைக்குமுங்களா?

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது, முடிந்தபின் அல்ல. மேலே சொன்ன 2019 விதிகளில் இதற்கு இடம் உண்டு. மருந்து உங்களுக்குப் பலன் தந்து, வேறு மாற்று வைத்தியம் இல்லாமல், ஆய்வு மருத்துவர் பரிந்துரைத்து நெறிமுறைக் குழுவும் ஒப்புக்கொண்டால், நிறுவனம் இலவசமாகத் தர வேண்டும். அதற்கு நீங்களும் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும், அந்தக் காலத்தில் வரும் கேட்டுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்ற நிபந்தனையோடு. ஸ்டீராய்டும் சைக்ளோஸ்போரினும் இருப்பதால் "மாற்று இல்லை" என்பதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று நேராகக் கேட்டு, பதிலைத் தாளில் காட்டச் சொல்லுங்கள்.

முதல் தடவை வரும்போது என்ன கொண்டாரோணுமுங்க?

பழைய சீட்டுகள், பயாப்ஸி ரிப்போர்ட், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், நாட்டு மருந்து இருந்தால் அதுவும். முன்பு எங்காவது வெட்டியிருந்தால் அந்த டிஸ்சார்ஜ் சீட்டு. இவற்றைவிடப் பெரிய உதவி, செல்போனில் எடுத்த படங்கள். வாரம் ஒருமுறை, கட்டு மாற்றும்போது, பகல் வெளிச்சத்தில், புண்ணுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றைத் தோலில் படாமல் பிடித்து, அதே தூரத்தில் எடுங்கள். கட்டு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காமல் உப்புநீர் மருந்தால் நனைத்து எடுக்க வேண்டும். கோவை, பெருந்துறை, சேலம், திருப்பூர், கரூர், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எது பக்கமோ அங்கே தோல் பிரிவில் காட்டலாம். நடக்க முடியாமல் இருந்தால் புறநோயாளிச் சீட்டு போடும் இடத்திலேயே சொல்லி வண்டி கேளுங்கள், வரிசையில் நின்று வலியைக் கூட்டிக்கொள்ள வேண்டாம்.